பாசிலியாவின் தண்ணீர்

ஓடும்போது அந்தக் காருக்கு ஒன்றும் ஆகாது. நின்றால்தான் கொதிக்கும். எங்கள் ஊர் கௌசேட்டேயிலிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் முள் நடுவிலேயே சாதுவாக நிற்கும். பாலம் தாண்டி சான் ஹுவான் நகரத்துக்குள் நுழைந்து, மதியத் தூக்கம் முடிந்து கடை திறக்கிற ஐந்து மணி நெரிசலில் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. முதல் சிக்னலில் முள் அசையும், இரண்டாவதில் ஏறும், மூன்றாவதில் பானெட் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பும். பின்னால் இருக்கிறவனெல்லாம் ஹாரனை அமுக்குவான். பின் சீட்டில் நெலிதா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஐந்தரைக்கு டயாலிசிஸ்.

வாரம் மூன்று நாள் இதே கூத்து. இரண்டு முறை முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனாள். ஆஸ்பத்திரி நர்ஸ் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள், இன்னொரு முறை தாமதமானால் அந்த மெஷின் வரிசையில் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று. மெஷின் போனால் நெலிதாவும் போய்விடுவாள். அதை நர்ஸ் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

கார் அவள் புருஷன் அன்செல்மோ பெலாய்தாயுடையது. இருபத்திரண்டு வயசான வெள்ளைக் கார். விடிகாலையிலிருந்து மதியம் வரை வாடகைக்கு ஓட்டுவான், சாப்பிட்டுத் தூங்குவான், நாலரைக்கு எழுந்து பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போவான். நான் எதிர்வீட்டுக்காரி, தெல்ஃபா இய்யானெஸ். பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பக்கத்துக் கொட்டகையில் என் தம்பி தீத்தோவின் ஒர்க்‌ஷாப். என் கடை ஜன்னலில் உட்கார்ந்தால் இடது கண்ணுக்கு ஒர்க்‌ஷாப், வலது கண்ணுக்கு அன்செல்மோவின் வாசல். ஒட்டுக்கேட்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. அவர்கள்தான் சத்தமாகப் பேசுவார்கள்.

இந்த வினை ஏப்ரலில் ஆரம்பித்தது. திராட்சை அறுப்பு முடிந்து ஊர் ஓய்ந்திருந்த ஒரு மதியம். அன்செல்மோ பனியனோடு ஓடி வந்து கடைக் கதவைத் தட்டினான்.

“தெல்ஃபா, சீக்கிரம் வா! அவளால மூச்சு விட முடியலை!”

நெலிதாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தேன். அவள் கால் இரண்டும் வீங்கி, உதடு நீலம் பாரித்து, நெஞ்சுக்குள் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் தெரு முடிகிற இடத்தில் ரயில் பாதை. அங்கே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் நகர்வேனா என்று நகர்ந்தது. நின்ற இடத்திலேயே கார் கொதித்துவிட்டது. அன்செல்மோ பானெட்டைத் திறந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

அந்த இடத்தில்தான் பாசிலியா இருக்கிறாள். நீல வண்ணம் அடித்த, இடுப்பு உயரச் செங்கல் கூண்டு. எந்தக் காலத்திலோ புருஷனைத் தேடிச் சுரங்க ஊரிலிருந்து நடந்து வந்தவள், ஊர்த் தோப்பு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நாக்கு வறண்டு விழுந்து செத்தாள். அவளுக்கு யாரும் மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை, தண்ணீர்தான். லாரிக்காரர்களும் சைக்கிளில் போகிறவர்களும் பாட்டில் பாட்டிலாக வைத்துவிட்டுப் போவார்கள். வைக்கலாம், எடுக்கக் கூடாது. இது இங்கே பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும்.

“என்னடா மரம் மாதிரி நிக்கிறே? அங்க இருக்கு பாரு நூறு பாட்டில்!” என்று கத்தினேன்.

“அது அவளோடது, தெல்ஃபா.”

“செத்தவ குடிக்கவா போறா? உசுரோட இருக்கிறவ இங்க என் மடியில செத்துக்கிட்டிருக்கா!”

அவன் அசையவில்லை. நான்தான் இறங்கினேன். இரண்டு கையிலும் அணைத்து ஆறு பாட்டில் அள்ளி வந்தேன். அவன் ஊற்றினான், இன்ஜின் சீறியது, கேட் திறந்தது. போய்ச் சேர்ந்தோம். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் பிணத்தைத்தான் கொண்டு வந்திருப்பீர்கள் என்றார் டாக்டர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன.

அன்றிலிருந்து நெலிதாவுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர். சூப், பால், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். உருளைக்கிழங்கை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரை வடித்துச் சாப்பிட வேண்டும். மாத்தே தேநீர் கிடையாது. அவள் வருவதைப் பார்த்தால் தெருவில் மாத்தே உறிஞ்சிக்கொண்டிருப்பவர்கள்கூடக் குடுவையை நாற்காலிக்குக் கீழே வைத்துவிடுவார்கள். தினம் காலை பத்து மணிக்கு இடது காலை இழுத்துக்கொண்டு என் கடைக்கு வருவாள். ஃபிரிட்ஜிலிருந்து ஒரே ஒரு ஐஸ் கட்டி எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுப்பேன். அதுவும் அரை லிட்டர் கணக்கில்தான். கடிக்க மாட்டாள். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒரு நாள் அவள் முகம் வாடியிருந்ததே, சிரிக்க வைக்கலாம் என்று என் பாழாய்ப்போன வாயைத் திறந்தேன்.

“நீ இன்னிக்கு உட்கார்ந்து ஐஸ் சப்பறது பாசிலியா புண்ணியம்டி. அவ தண்ணில ஆறு பாட்டில் அள்ளி உங்க கார்ல ஊத்தினேன்.”

அன்றைக்கு நினைவில்லாமல் கிடந்தவளுக்கு அதுவரை இது தெரியாது. வாயில் இருந்த ஐஸைத் தட்டில் துப்பினாள்.

“அவ தண்ணியையா?”

“ஆமா. அவசரத்துக்குப் பாவமில்லை.”

“எந்த நாள்? எனக்கு முடியாமப் போன அன்னிக்கா?” என்று கேட்டாள். “அன்னிலேருந்துதான் எனக்கு இந்தத் தாகம், தெல்ஃபா.”

“சிறுநீரகம் போனவங்களுக்கெல்லாம் தாகம் எடுக்கும். டாக்டரே சொன்னாரே!”

தட்டில் ஐஸ் கரைந்து தண்ணீராவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடிக்காமல் எழுந்து போனாள்.

காருக்கு வருகிறேன். ஜூலை கடைசியில், எங்கள் ஊர்க் குளிர்காலத்தில், தீத்தோ முதல் தடவையாக அதைக் கையில் எடுத்தான். என் தம்பிக்கு வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம். காரை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைத்து, நாற்காலி போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து, ஒரு செமித்தா ரொட்டியை மெதுவாகத் தின்றான்.

“என்னடா, வைத்தியம் பார்க்கச் சொன்னா விருந்து சாப்பிடறே?” என்றேன்.

“பேசாம இருக்கா. எப்ப ஃபேன் சுத்துதுன்னு பார்க்கறேன்.”

முள் ஏறியது, ஃபேன் சுற்றவில்லை. சூட்டைப் பார்த்து ஃபேனைப் போடவேண்டிய சின்ன சுவிட்சின் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடு ஒன்று தொடவிட்டான். ஃபேன் விர்ரென்று சுற்றியது.

“பார்த்தியா? ஓடும்போது காத்தே ஃபேன் வேலையைப் பார்த்துடுது. நிக்கும்போதுதான் ஃபேன் வேணும். சுவிட்ச் செத்துப்போச்சு, அன்செல்மோ. வேற போட்டுடறேன், ராஜா மாதிரி போ.”

வேறு போட்டான். அன்செல்மோ ராஜா மாதிரி போனான், மூன்றாவது சிக்னலில் பழையபடி ஆவி. ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கார் கொதிக்கிறது. திறந்து பார்த்தால் ரேடியேட்டரில் தண்ணீர் பாதிதான் இருக்கிறது.

“காலைல ரொப்பினேனே! மதியம் வரைக்கும் ஓட்டினேன், ஒண்ணும் ஆகலை. எங்கடா போகுது?” என்றான் அன்செல்மோ.

தீத்தோ எல்லாவற்றையும் பார்த்தான். ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிசைந்தான், மூடியை மாற்றினான், காற்றடித்து ஒரு மணி நேரம் காது வைத்துக் கேட்டான். எங்கேயும் சொட்டவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான், தண்ணீர் கலந்தால் ஆயில் பால் மாதிரி வெளுத்துவிடுமாம். வெளுக்கவில்லை. புகைக் குழாயில் வெள்ளைப் புகையும் இல்லை. தினம் ஒன்றரை லிட்டர் தண்ணீர் காணாமல் போகிறது. வெளியேயும் இல்லை, உள்ளேயும் இல்லை.

“தண்ணிக்குக் காலா முளைச்சுது?” என்றேன்.

“நக்கல் பண்ணாதக்கா. எனக்கே தூக்கம் வரலை.”

அவன் சுவிட்சை மாற்றிக்கொண்டிருந்த அன்றைக்கு நெலிதா வாசல் படியில் வந்து நின்றிருந்தாள். அந்தக் குளிரிலும் உதடு வெடித்திருந்தது.

“தீத்தோ, ஒண்ணு கேக்கட்டுமா? ஏப்ரல்ல ஊத்தின தண்ணி இன்னும் உள்ள இருக்குமா?”

“யாரும் முழுசாத் திறந்து விடலையேக்கா. மேல மேல ஊத்தறோம், அவ்வளவுதான். கொஞ்சமாவது இருக்கத்தான் செய்யும்.”

“எங்க இருக்கும்?”

“எல்லாத்தோடயும் கலந்து இருக்கும். அடியில ஒரு சின்னக் குழாய் இருக்கு, கையாலயே திருகலாம். அதைத் திறந்தா வரும்.” அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான். கேள்வி கேட்பவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில் அவனுக்கு ஒரு பெருமை. அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அது நடந்தது ஜூலை கடைசியில். தண்ணீர் காணாமல் போனது அதற்குப் பிறகுதான்.

ஆகஸ்ட் இரண்டாவது வாரத் திங்கட்கிழமை காலை தீத்தோ கடைசி முயற்சியாகப் பச்சைச் சாயப் பொடியைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றினான். எங்கே கசிந்தாலும் பச்சையாகக் கறை காட்டிக்கொடுக்கும்.

“இதுலயும் தெரியலைன்னா வெள்ளிக்கிழமை இன்ஜினோட தலையைக் கழட்டிப் பார்க்கணும். உள்ளுக்குள்ள விரிசல் இருக்கலாம். செவ்வாய் வரைக்கும் கார் கிடையாது, அன்செல்மோ.”

“சனிக்கிழமை அவளை யார் கூட்டிப் போவாங்க? அஞ்சு மணிக்கு எவன் வண்டி சும்மா நிக்கும்? போன மாசம் ஒரே ஒரு தடவை தவறினதுக்கே உதடு நீலமாயிடுச்சு.”

“நடுவழியில இன்ஜின் வெடிச்சா மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாளா?”

அன்செல்மோ தரையில் குந்தினான். முரட்டு ஆள், ஆறடி உயரம். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். தீத்தோ அவன் தோளில் கை வைத்தான், கிரீஸ் ஒட்டியது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கார் மறுபடி கொதித்தது. பாட்டிலில் கொண்டுபோன தண்ணீரை ஊற்றி, ஓடி, ஐந்தரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீர் குறைந்திருந்தது. தீத்தோ காருக்கு அடியில் விளக்கோடு புகுந்து அங்குலம் அங்குலமாகத் தேடினான். ஒரு பொட்டுப் பச்சைகூட இல்லை.

“எனக்கு இது பிடிக்கலைக்கா,” என்றான் வெளியே வந்து. என் தம்பி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

புதன்கிழமை மதியம் சோந்தா இறங்கியது. மலையிலிருந்து வருகிற அந்தக் காற்றை உங்களுக்கு எப்படிச் சொல்வது! காலையில் கம்பளிப் போர்வை போர்த்தியிருந்தோம், இரண்டு மணிக்கு அடுப்புக்குள் தலையை விட்டது போல ஆகிவிட்டது. வானம் பழுப்பாகி, சூரியன் இருக்கிற இடம் தெரியவில்லை. நாய்கள் குரைப்பதை நிறுத்திக்கொண்டன. ஊரே ஜன்னல் சாத்தி, ஈரத் துணியை இடுக்கில் செருகிப் படுத்துவிட்டது. சோந்தா அடித்தால் எனக்குத் தலைவலி, தூக்கம் வராது. கடைப் பலகையின் விரிசல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன்.

புழுதிக்கு நடுவில் தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பெண். ரயில் பாதையை நோக்கி நடக்கிறாள். காற்று எதிரே அடிக்கிறது, துணி உடம்போடு ஒட்டி எலும்பு தெரிகிறது. நாலு எட்டு வைப்பாள், நிற்பாள், மறுபடி நாலு எட்டு. மார்போடு எதையோ அணைத்திருந்தாள். சோந்தாவில் மதியம் மூன்று மணிக்கு இந்த ஊரில் எந்தப் பெண்ணும் வெளியே வரமாட்டாள், உயிரோடு இருக்கிறவள் வரமாட்டாள். புழுதி ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியபோது தெரு காலியாக இருந்தது.

செத்தவளாவது குடிக்கிறதாவது என்று சொன்ன அதே வாயால் மாதாவைக் கூப்பிட்டேன். கொட்டகைக்கு ஓடித் தீத்தோவை எழுப்பினேன்.

“பாசிலியா போறாடா!”

“வெயில் மண்டையில ஏறிடுச்சு உனக்கு.”

“என் கண்ணால பார்த்தேன். தண்ணி எடுக்க வந்திருக்கா. நம்ம எடுத்ததைத் திருப்பி எடுக்கறா. அதான் கார்ல தண்ணி போகுது, கறை இல்லை!”

அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. நாலு மணிக்குக் காற்று கொஞ்சம் தணிந்ததும் இரண்டு பேரும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு ரயில் பாதைக்குப் போனோம். தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. மூடியில்லாத பாட்டில்களின் வாயில் காற்று புகுந்து ஊதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு குரல். பத்துப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு அழுதால் அப்படித்தான் இருக்கும்.

கூண்டுக்கு முன்னால் புழுதி படிந்த பாட்டில்கள் வரிசை வரிசையாக இருந்தன. கடைசி வரிசையில் நிறையப் புதுப் பாட்டில்கள், எல்லாம் ஒன்றரை லிட்டர் சோடா பாட்டில், மூடி இறுக்கித் திருகியது. அவற்றில் கடைசி மூன்றில் இருந்த தண்ணீர் பச்சை.

தீத்தோ சாயம் கலந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் குனிந்து, ஒரு பாட்டிலையும் தொடாமல், பக்கத்து மண்ணைப் பார்த்தான்.

“வாக்கா, வீட்டுக்குப் போகலாம்.”

நேராக அன்செல்மோவின் வாசலில் நின்ற காருக்கு அடியில் புகுந்தான். வெளியே வந்தபோது அவன் முகம் வேறு மாதிரி இருந்தது.

“அடியில எல்லா இடத்துலயும் ரெண்டு விரல் கனத்துக்கு அழுக்கு. அந்தச் சின்னக் குழாய்த் திருகு மட்டும் பளபளன்னு இருக்கு. விரல் பட்டுப் பட்டுத் தேஞ்சிருக்கு. நான் விளக்கு வச்சுக் கறையைத் தேடினேன், சுத்தத்தைத் தேடலை. என்னை மாதிரி முட்டாள் உண்டா?”

“பேய் திருகுமாடா?”

“செருப்புத் தடம் இருந்ததுக்கா அங்க. இடது கால் இழுத்து வச்ச தடம்.”

இந்தத் தெருவில் இடது காலை இழுத்து நடப்பது யார் என்று எனக்குத் தெரியும். தினம் பத்து மணிக்கு அந்த நடை என் கடைக்கு வருகிறது.

வியாழக்கிழமையும் சோந்தா நிற்கவில்லை. மூன்று மணிக்கு நானும் தீத்தோவும் கடைப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டுக் கதவு ஓசையில்லாமல் திறந்தது. நெலிதா படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்தாள். கார் முன்னால் மண்டியிட்டாள், பிறகு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தாள். சொளசொளவென்று பாட்டில் நிரம்புகிற சத்தம் காற்றுக்கு நடுவிலும் கேட்டது. தண்ணீருக்கு அத்தனை பக்கத்தில் அவள் முகம். ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லை.

நான் தெருவைக் கடந்து போய் அவள் பக்கத்தில் குந்தினேன்.

“நெலிதா, என்னடி பண்றே?”

அவள் திடுக்கிடவில்லை. குழாயை நிதானமாகத் திருகி மூடிவிட்டு வெளியே வந்தாள்.

“அவ தண்ணியை அவகிட்டக் குடுக்கறேன்.”

“பைத்தியமாடி உனக்கு? அங்க குழாய்த் தண்ணி நாலு பாட்டில் வச்சா ஆகாதா?”

“வேற தண்ணி ஆகாது. அவளோடதே போகணும். அது கார்ல இருக்கிற வரைக்கும் என் தாகம் போகாது, தெல்ஃபா. அவளோட தாகம் எனக்குள்ள வந்துடுச்சு. தூங்கினாக்கூடப் போகலை.”

“நீ தண்ணியை எடுக்கறதாலதான் கார் கொதிக்குது. மெஷின் போயிடும், தெரியுமா?”

“தெரியும். ஒரு தடவைல ஒரு பாட்டில்தான் என்னால தூக்க முடியும். சீக்கிரம் முடிச்சுடலாம்னுதான் பார்க்கறேன். அன்செல்மோ காலைல புதுத் தண்ணி ஊத்திடறான். அது அவ தண்ணியோட கலந்துடுது. மறுபடி எடுக்கறேன், மறுபடி ஊத்தறான். முடியவே மாட்டேங்குது.”

சொல்லும்போது அவள் அழவில்லை. அவளுக்கு அழக் கண்ணில் தண்ணீர் ஏது! நான்தான் ஓவென்று அழுதேன். அந்தச் சத்தத்தில் அன்செல்மோ எழுந்து வந்துவிட்டான். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டான். திட்டப் போகிறான், அடித்தாலும் அடிப்பான் என்று பயந்தேன். அவன் வந்து புழுதியில் அவள் முன்னால் உட்கார்ந்தான்.

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே, நெலி.”

“நீ சிரிப்பேன்னு நெனச்சேன்.”

“நான் அன்னிக்கு எடுக்க மாட்டேன்னுதான் நின்னேன். உன்னைவிட எனக்குப் பயம் அதிகம்.” தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், கோபமில்லாமல். பிறகு தீத்தோ பக்கம் திரும்பினான். “எல்லாத்தையும் திறந்துவிட முடியுமா? ஒரு சொட்டு விடாம?”

தீத்தோ அறிவாளித்தனமாக எதையாவது சொல்வான் என்று பார்த்தேன். ஸ்பானரை எடுத்து வந்தான். சின்னக் குழாயைத் திறந்தான், ரப்பர்க் குழாய்களை உருவினான்.

“இதோட தீரலை. இன்ஜின் உடம்புக்குள்ளயும் தங்கியிருக்கும்,” என்று சொல்லி, இன்ஜின் பக்கவாட்டில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு அடைப்பைச் சுத்தியால் தட்டித் தட்டித் திறந்தான். துருவும் பச்சையுமாகத் தண்ணீர் கொட்டியது. கடைசியில் காற்றடித்து உள்ளே தேங்கியதையும் வெளியே தள்ளினான். மூன்று பிளாஸ்டிக் வாளியில் பிடித்தோம். தரையில் சிந்தினதைக்கூட நெலிதா துணியால் ஒற்றிப் பிழிந்தாள்.

நாங்கள் நாலு பேரும் அந்தப் புழுதிக் காற்றில் வாளிகளை மூடிக்கொண்டு ரயில் பாதைக்கு நடந்தோம். நான் ஒரு வாளி தூக்கினேன். ஆறு பாட்டில் தூக்கின கை அது, வாளி அதைவிடக் கனமாக இருந்தது. கூண்டின் முன்னால் ஊற்றினோம். மண் குடித்த வேகத்தை நான் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாட்டில்களின் ஊதல் ஒரு கணம் நின்றது. காற்று நின்றிருக்கும் என்றான் தீத்தோ. என் முகத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

நாலே முக்காலுக்குப் புதுத் தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். முள்ளைப் பார்க்கத் தீத்தோ முன் சீட்டில், நெலிதாவோடு நான் பின் சீட்டில். பாலத்தைத் தாண்டினோம். சோந்தாவில் இரண்டு மரம் விழுந்து சாலையை மறித்திருந்தது. வண்டிகள் ஊர்ந்தன, நின்றன, ஊர்ந்தன. வெளியே முப்பத்தைந்து டிகிரி. நாலு பேரும் அந்த முள்ளையே பார்த்தோம். முதல் சிக்னல், இரண்டாவது, மூன்றாவது. ஃபேன் விர்ரென்று சுற்றியது, முள் கொஞ்சம் இறங்கியது, ஃபேன் நின்றது. நாலாவது சிக்னலில் கால் மணி நேரம் நின்றோம். முள் நடுவைத் தாண்டவில்லை.

“போடு!” என்று தீத்தோ அன்செல்மோவின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டான். அன்செல்மோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே தேம்பினான்.

நான் நெலிதாவின் கையைப் பிடித்தேன். காய்ந்த தோல்.

“இப்பத் தாகம் எப்படிடி இருக்கு?”

அவள் கண்ணை மூடி, உள்ளே தேடிப் பார்த்தாள்.

“இருக்கு,” என்றாள். “அப்படியேதான் இருக்கு.” கண்ணைத் திறந்து, “அப்ப இது அவளோடது இல்லை. என்னோடதுதான்,” என்றாள். ஐந்து இருபத்தைந்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, காலை இழுத்துக்கொண்டு யாரையும் பிடிக்காமல் தானே நடந்து போனாள்.

அன்று மாலையே சோந்தா ஓய்ந்தது. வழக்கம்போல் அதன் பின்னாலேயே தெற்கிலிருந்து குளிர் வந்தது. சனிக்கிழமை காலை வாய்க்கால் ஓரம் உறைபனி. நெலிதா பத்து மணிக்கு என் கடைக்கு வரவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வந்து தன் ஐஸ் கட்டியைக் கேட்டாள். சின்னத் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

“நீயும் வா,” என்றாள்.

ரயில் பாதையில் அன்செல்மோவை நிறுத்தச் சொன்னாள். கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கிக் கூண்டுக்குப் போனாள். ஐஸ் கட்டியைத் தட்டிலிருந்து எடுத்து, பாட்டில்களுக்கு நடுவில் இருந்த தட்டைக் கல்லின் மேல் வைத்தாள்.

“இது என்னோடது. உன்கிட்ட எடுத்ததில்லை,” என்றாள் பாசிலியாவிடம், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதைப் போல. “வறண்ட நாக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், அதனால கொண்டு வந்தேன்.”

திரும்பிக் காரை நோக்கி நடந்தாள். அன்றைய அரை லிட்டர் கணக்கில் மிச்சம் இருந்தது அந்த ஒரு கட்டிதான். இரவு வரை அவளுக்கு வேறு ஈரம் கிடையாது. நான் அவள் பின்னால் இரண்டு எட்டு வைத்துவிட்டு, என்னவோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன்.

கல்லில் ஐஸ் இல்லை. போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை, கல் காய்ந்து கிடந்தது. காரில் ஏறியதும் அன்செல்மோவிடம் மெதுவாகச் சொன்னேன்.

“காத்துல காஞ்சிருக்கும், தெல்ஃபா,” என்றான்.

காற்று நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. குளிருக்குக் கார் ஜன்னல்களை ஏற்றி வைத்திருந்தோம்.